பனி மூட்டத்தில் எந்த விளக்கு?

தைப்பூசம் நெருங்கினால் மதுரை, திண்டுக்கல் சாலைகளில் பழனி பாதயாத்திரைக் கூட்டம் நிறைந்துவிடும். வெயிலுக்கு முன்னே போக வேண்டும் என்று பலர் விடியுமுன் நடப்பார்கள். பனி இறங்கும் நேரமும் அதுதான்.

பனியைக் கண்டதும் சில டிரைவர்கள் முன்விளக்கைப் பிரைட்டில் போடுகிறார்கள். அது தவறு.

காரணம் என்ன?

பனிமூட்டம் என்பது நுண்ணிய நீர்த்துளிகள். பிரைட் வெளிச்சம் அவற்றில் பட்டு, ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்புகிறது. எதிரே வெள்ளைச் சுவர் நிற்பது போல் இருக்கும். முன்விளக்கு டிம்மிலேயே இருக்கட்டும்.

எப்படிப்பட்டது நல்லது?

பனி விளக்கு பம்பரை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். ஒளி மேலே எழும்பாமல் அகலமாகப் படர வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நடப்பவரின் கால் தெரியும். மஞ்சளா, வெள்ளையா என்பது முக்கியம் அல்ல. ஒளி விழும் விதமே முக்கியம்.

பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

வேகம்

விளக்கு இருக்கிறதே என்று விரையக் கூடாது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரே விநாடியில் 20 மீட்டர் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம்.

ஒன்றுமே தெரியவில்லையா? சாலையை விட்டு விலகி, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். வெயில் ஏறினால் பனி தானே விலகும். போன உயிர் திரும்பாது.