வளர்ப்புக் குழந்தைக்கு ஒரு மணி நேரப் பாடம்

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பது நம் முதியோர் வாக்கு. ஊட்டுதல் சோற்றோடு நிற்பதன்று. எழுத்தையும் எண்ணையும் ஊட்டுவதும் அதனுள் அடங்கும். பிறர் பிள்ளையை ஏற்று வளர்க்கும் குடும்பங்களும், அவர்தம் அண்டை வீட்டாரும் இதனைச் சற்றே சிந்தித்தல் நலம்.

தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. தத்துக் கொண்ட பிள்ளை சட்டப்படி அக்குடும்பத்துக்கே உரியதாகிறது. வளர்ப்புப் பராமரிப்போ, சொந்த வீட்டில் வாழ இயலாத குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி மற்றொரு குடும்பம் சில காலம் பேணி வளர்ப்பதாகும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆம் பிரிவில், உணவு, உடல்நலம் இவற்றோடு கல்வியையும் அக்குடும்பத்தின் பொறுப்பாக்கியுள்ளது. குழு மாதந்தோறும் ஆய்வு செய்தல் வேண்டும் என்றும் விதித்துள்ளது. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4000 ரூபாய் உதவித்தொகைக்கும் இடமுண்டு.

இனி, பள்ளிக்கு வருவோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். தாய் நோயுற்றுக் கிடந்த காலம், ஊர் மாறிய காலம், காப்பகத்தில் காத்திருந்த காலம் என அவன் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. வயதை நோக்கி இன்று ஐந்தாம் வகுப்பில் அமர்த்துகிறார்கள். அங்கே ஆசிரியர் பின்னம் கற்பிக்கிறார். அவனுக்கோ கடன் வாங்கிக் கழித்தலே தெரியாது. ‘மந்த புத்தி’ என்று பெயரிட்டுவிடுகிறோம். வழியில் பாலம் உடைந்து வண்டி நின்றால், எஞ்சினை வைது என்ன பயன்? பாலத்தை அன்றோ கட்ட வேண்டும்!

அதற்குச் சட்டத்தில் வழியுண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் இத்தகைய குழந்தைக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமை இருக்கிறது. மத்திய விதிகள் அதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை காலம் வகுத்துள்ளன. பதினான்கு வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை கல்வி இலவசமே. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும், மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கலாகாது. தலைமையாசிரியரிடம் இவற்றைப் பணிவோடு, ஆனால் தயங்காது, கேட்டுப் பெறுக. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தவறியோரை நிறுத்தி வைக்க அரசுகளுக்கு அதிகாரமுண்டு. ஆதலால் காலந்தாழ்த்தல் கூடாது.

பள்ளி ஆசிரியர் தனிப் போதனை செய்வதை அச்சட்டமே தடுக்கிறது. எனவே வீட்டில் கற்பிக்கும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. முதல் வாரம் பாடம் நடத்தாமல், குழந்தை எங்கே நின்றது என்று மட்டும் கண்டறிக. அங்கிருந்தே தொடங்குக. நாளும் ஒரு மணி போதும்: இருபது நிமிடம் வாய்விட்டுப் படித்தல், இருபது நிமிடம் கணக்கு, இருபது நிமிடம் அன்றைய பள்ளிப் பாடம். பம்பாயிலோ தில்லியிலோ தமிழ்க் குழந்தைக்கு மராத்தியிலோ இந்தியிலோ பாடம் நடக்குமாயின், கணக்கைத் தமிழில் விளக்கிப் பள்ளி மொழியில் எழுதச் செய்க. மொழி தெரியாமையைக் கணக்குத் தெரியாமை என்று கொள்ளலாகாது.

பலரைப் பிரிந்த குழந்தை அது. ஆசிரியரையும் அடிக்கடி மாற்ற வேண்டா. வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பேசவும் வேண்டா. இத்தகைய குழந்தையின் பெயர், பள்ளி முதலியவற்றை ஏடுகளில் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே விழா மேடையில் ஏற்றிப் பரிவு காட்டும் எண்ணத்தையும் விட்டொழிப்போம்.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற பெரியோர் உளர். கல்லூரி மாணவியர் உளர். வளர்ப்புப் பெற்றோரின் இசைவோடும், நலக் குழுவுக்குத் தெரிவித்தும், மாலையில் ஒரு மணி நேரம் தர முன்வருவார்களாக. கற்பித்ததைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. நாளை அக்குழந்தை தன் தாயிடமே திரும்பக்கூடும். அன்று அந்தக் குறிப்பேடும் உடன் செல்லட்டும். அடுத்துக் கற்பிப்பவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.