ஒரே பெட்டி... ரெண்டு டெக்!

'நல்ல டெக் போடணும்னா பெட்டி பெட்டியா கார்டு வாங்கணும்'னு யாராச்சும் பயமுறுத்தினா நம்பாதீங்க பாஸ்! 2016-ல வந்த 'ஆர்க்கம் ஹாரர்: தி கார்டு கேம்' பக்கம் வாங்க. இதுல ஆடுற எல்லாரும் ஒரே கட்சி. ஜெயிச்சாலும் தோத்தாலும் சேர்ந்துதான்.

2021-ல வந்த திருத்தின பெட்டியில, நாம டெக்குல சேர்க்கிற ஒவ்வொரு கார்டுக்கும் ரெண்டு பிரதிதான். அங்கேதான் சிக்கல்! எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ரோலண்ட், லைப்ரரியன் டெய்ஸி... துப்பு தேட உதவுற 'பூதக்கண்ணாடி' கார்டை ரெண்டு பேருமே எடுக்கலாம். ஆளுக்கு ஒண்ணு பிரிச்சா நியாயம்தான். ஆனா, 30 கார்டுக்கு நடுவுல அந்த ஒண்ணு எப்போ கைக்கு வர்றது?

அறிவு 5 இருக்கிற டெய்ஸிக்கே ரெண்டையும் கொடுங்க. சண்டை 4 இருக்கிற ரோலண்டுக்குத் துப்பாக்கியும் வெட்டரிவாளும் போதும். ஆனா உஷார்! டெய்ஸிக்கு சண்டை வெறும் 2. ரோலண்ட் கூடவே இருக்கணும். அவளை மடக்கின பிசாசை ரோலண்ட் தாக்கி, குறி தப்பினா, அடி டெய்ஸிக்குத்தான். அதனால முதல்ல பிசாசைத் தன் பக்கம் இழுத்துட்டு அப்புறம் அடிக்கணும்.

கார்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி வேலையைப் பிரிச்சுக்குங்க. மிச்சத்தை அந்த ஒரே பெட்டி பார்த்துக்கும் மச்சி!