உவர் நீரில் ஒரு பாசி விவசாயம்

கிணற்றுப் படியில் பழுப்பு நிறத்தில் படிந்து காலை வழுக்கிவிடும் பாசியை விவசாயிகள் நன்கு அறிவர். இந்தப் பழுப்புப் படிவில் டயாட்டம் எனும் நுண்பாசிகள் ஏராளமாக உண்டு. கழிவாக ஒதுக்கப்படும் உவர் நீரிலிருந்து மேலும் நல்ல நீர் எடுக்க, இவ்வினப் பாசிகளை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வளர்த்துப் பார்த்து வருகின்றனர்.

மிஞ்சும் நீர்

கலிபோர்னியா மாநிலத்தின் ஆரஞ்சு கவுண்டியில், சுத்திகரித்த சாக்கடை நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி, 2008 முதல் நிலத்தடி நீருடன் சேர்த்து வருகிறார்கள். சவ்வுக்குச் செல்லும் 100 லிட்டரில் சுமார் 85 லிட்டர் நல்ல நீராகிறது. மீதி 15 லிட்டரில் உப்புகள் திரண்டு நிற்கும். அது கடலில் விடப்படுகிறது.

கடல் இல்லாத ஊர்களில் என்ன செய்வது? அதே மாநிலத்தில் வயல்களின் உவர் வடிகால் நீரைக் கெஸ்டர்சன் என்னுமிடத்துக் குட்டைகளில் தேக்கினார்கள். நீர் ஆவியாக ஆக, அதிலிருந்த செலினியம் திரண்டது. அங்குள்ள பறவைகளின் முட்டைகளில் குஞ்சுகள் ஊனமுற்று உருவாவது 1983-ல் கண்டறியப்பட்டது. பின்னர் குட்டைகளும் மூடப்பட்டன; வடிகாலும் அடைக்கப்பட்டது. விவசாயிகளுக்கு உவர் நீரை வெளியேற்ற வழியில்லாமல் போயிற்று.

பாசி செய்யும் வேலை

மிஞ்சிய நீரை மீண்டும் சவ்வில் செலுத்தினால் என்ன? அதிலுள்ள சிலிகா எனும் மணற்சத்தும் சுண்ணாம்பும் சவ்வில் பாறைபோல் படிந்து அடைத்துவிடும்.

டயாட்டம் பாசிக்கோ சிலிகாதான் வீடு கட்டும் பொருள். நீரில் கரைந்துள்ள சிலிகாவை உறிஞ்சித் தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஓடு அமைத்துக் கொள்கிறது. சாக்கடை வழி வந்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் தனி உரமும் அதிகம் தேவையில்லை. வெளிச்சமும் கரியமில வாயுவும் கிடைத்தால் சில நாட்களில் சிலிகாவின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. பாசி வளரும்போது நீரின் காரத்தன்மை உயர்வதால் சுண்ணாம்பிலும் ஒரு பகுதி படிந்து விடுகிறது. பாசியைப் பிரித்தெடுத்தபின் நீரை மறுபடியும் சவ்வில் செலுத்தலாம்.

உப்பு போகாது

ஒன்றை மறக்கக் கூடாது. பாசி சாதாரண உப்பை நீக்குவதில்லை. சிலிகாவும் சத்துகளும் குறையும். உப்பு அப்படியே நிற்கும். இரண்டாம் முறை நல்ல நீர் எடுத்தபின் மிஞ்சுவது அளவில் குறைவு, உப்பில் கடுமை. அதை எங்கே சேர்ப்பது என்ற கேள்வி சிறிதாகுமேயன்றி மறையாது. மேலும், பாசி வளர்க்க வெயில் படும் பரந்த இடமும் வேண்டும்.

சாயக்கழிவின் உப்பால் நொய்யல் கரை நிலங்கள் பட்ட பாடு தமிழக விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஆகவே, சுத்திகரிப்பு இயந்திரங்களில் ஒதுக்கப்படும் நீரை, தண்ணீர்தானே என்று வயலுக்குத் திருப்பிவிடக் கூடாது. மண் பரிசோதனை நிலையத்தில் நீர் மாதிரியைக் கொடுத்து, உப்பின் அளவை அறிந்த பின்னரே பாய்ச்சுவது நலம். ஒருமுறை உவரான மண்ணைத் திருத்தப் பல போகம் ஆகும்.