உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும் வரலாற்று ஆய்வும்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம் சென்னை, பெசன்ட் நகரில் அமைந்துள்ள ஆய்வு நூலகம் ஆகும். பழந்தமிழ் நூல்களைச் சுவடிகளிலிருந்து பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் (1855–1942) மறைந்த பின், அவர் தேடிச் சேர்த்த சுவடிகளையும் நூல்களையும் பாதுகாப்பதற்காக 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் இதனை நிறுவினார். சுவடி ஆய்வாளர்களோடு, சாமிநாதையரின் வாழ்க்கையை ஆராய்பவர்களுக்கும் இது முதன்மையான இடமாகும்.

தன்வரலாற்றின் எல்லை

சாமிநாதையரைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் படிப்பது அவருடைய 'என் சரித்திரம்'. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவரத் தொடங்கிய இந்நூல், அவர் மறைவால் முற்றுப்பெறாமல் நின்றது. 1898இல் வெளியான மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு வரலாறு முடிகிறது. ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918), குறுந்தொகை (1937) முதலிய பதிப்புகள் அதற்குப் பிந்தியவை. ஆகவே, அவருடைய பிற்கால வாழ்வின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பகுதியை வேறு சான்றுகளைக் கொண்டே எழுத வேண்டும்.

முற்பகுதிக்கும் சான்றுகள் தேவை. எண்பத்தைந்து வயதில் எழுதப்பட்ட நூல் என்பதால், அதிலுள்ள செய்திகளை அந்தந்தக் காலத்து ஆவணங்களோடு ஒப்பிடுவது முறை.

சான்றுகளின் வகைகள்

1. கடிதங்கள்: புலவர்கள், ஆதீனத்தார், சுவடி வைத்திருந்தோர் முதலியோர் எழுதிய கடிதங்களைச் சாமிநாதையர் பாதுகாத்து வைத்திருந்தார். எந்த ஆண்டில் எந்தச் சுவடி யாரிடமிருந்து வந்தது என்பதை இவற்றால் அறியலாம்.

2. பதிப்பு முகவுரைகள்: சுவடி உதவியவர்களின் பெயர்களை அவர் முகவுரையில் குறிப்பது வழக்கம். சீவக சிந்தாமணியின் முதற்பதிப்பையும் (1887) பின்வந்த பதிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால், அவருடைய பதிப்பு முறை வளர்ந்த விதம் தெரியும். மறுபதிப்பை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

3. சுவடிகளும் கையெழுத்துப் படிகளும்: பாடவேறுபாடுகளை அவர் எவ்வாறு தீர்மானித்தார் என்பதை அறிய இவை உதவும்.

சரிபார்க்கும் முறை

சிந்தாமணியைப் படிக்கத் தூண்டிய சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நாள் 21-10-1880, வியாழக்கிழமை என்று 'என் சரித்திரம்' கூறுகிறது. அந்த ஆண்டின் நாட்காட்டியும் அதே கிழமையைக் காட்டுகிறது. இவ்வாறு நாளும் கிழமையும் தரப்பட்ட இடங்களைச் சரிபார்ப்பது எளிது. நாள் குறிக்கப்படாத நிகழ்ச்சிகளுக்குக் கடிதங்களின் தேதியே துணை.

கடிதத் தொகுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் பெரும்பாலும் இருப்பவை சாமிநாதையருக்கு வந்தவை. அவர் எழுதியவை பெற்றவர்களிடம் சென்றுவிட்டன. சான்றாக, கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்த யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சிந்தாமணியைப் பதிப்பிக்க விரும்பினார். இருவருக்கும் இடையே நடந்ததைச் சாமிநாதையரின் தன்வரலாற்றை மட்டும் கொண்டு எழுதினால் ஒருவர் கூற்றே வரலாறாகிவிடும். தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளையும் சேர்த்துப் படிப்பதே நடுநிலையான வழி.

மாணவர் கவனத்திற்கு

நூலகத்துக்குச் செல்லுமுன் அச்சில் கிடைப்பவற்றைப் படித்து முடித்து, ஆட்பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பட்டியலிட்டுக்கொள்ள வேண்டும். "சாமிநாதையர் பற்றி என்ன இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, குறிப்பிட்ட நூலின் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்பது பயன் தரும். சுவடிகளையும் கடிதங்களையும் பார்க்க முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுவது நல்லது. குறிப்பெடுக்கும்போது ஆவணத்தின் எண்ணையும் தேதியையும் உடனுக்குடன் எழுதிக்கொள்ள வேண்டும். எண் இல்லாத குறிப்பைப் பின்னர் வேறொருவர் சரிபார்க்க இயலாது.