இசை விழாவுக்கு நிலம் கொடுக்கலாமா?

கடந்த கோடையில் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தொலைபேசியில் அழைத்தார். "சார், கடலை எடுத்த நிலத்துல மூணு நாள் டி.ஜே. மியூசிக் நடத்த இடம் கேட்கறாங்க. நல்ல வாடகை. கொடுக்கலாமா?"

அவரிடம் இங்கிலாந்தில் உள்ள வொர்த்தி பண்ணையைப் பற்றிச் சொன்னேன். மைக்கேல் ஈவிஸ் 1954-ல், தன் 19-வது வயதில், தந்தை இறந்ததும் ஏற்று நடத்திய பால் பண்ணை அது. 150 ஏக்கர், 60 மாடுகள். கடனை அடைக்கலாம் என்று 1970 செப்டம்பரில் அங்கே இசை விழா நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு, பால் இலவசம். வந்தவர்கள் சுமார் 1,500 பேர், மிஞ்சியது நஷ்டம். அதுதான் இன்று இரண்டு லட்சம் பேர் கூடும் கிளாஸ்டன்பரி விழா. விடிய விடிய டி.ஜே. இசையும் உண்டு. பண்ணை இன்றும் பால் பண்ணைதான். விழா நாட்களில் மாடுகள் கொட்டகையிலேயே இருக்கும்.

நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியது, அவர்கள் நிலத்துக்குக் கொடுக்கும் ஓய்வை. 2012, 2018-ஐப் போல 2026-ம் ஆண்டும் அங்கே தரிசு ஆண்டு, விழா கிடையாது. விழா முடிந்ததும் டிராக்டரில் காந்தம் கட்டி ஆணி, கூடார முளைகளைப் பொறுக்குகிறார்கள். கம்பி விழுங்கிய மாட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் இன்னொரு கவலையும் உண்டு. நிலக்கடலையின் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். ஜெனரேட்டர், மேடைச் சாமான் ஏற்றிய லாரி ஈர மண்ணில் ஒருமுறை போனாலே இறுக்கத்தின் பெரும்பகுதி ஏற்பட்டுவிடும். அடுத்தடுத்த முறைகள் சேர்ப்பது குறைவு. அதனால் வண்டிகளை நிலம் முழுக்க அலைய விடாமல் ஒரே தடத்தில் விடுங்கள். மழை பெய்தால் மண் காயும்வரை வண்டி இறங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம். மார்கழிப் பட்டத்துக் கடலை எடுத்த பிறகு, ஆடிப்பட்டத்துக்கு முன் உள்ள கோடை இடைவெளிதான் ஏற்றது.

முடிந்த பிறகு ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். மிதிபடாத வரப்போரத்தில் இறங்கும் அளவுக்கு இங்கே இறங்கவில்லை என்றால், மண் காய்ந்திருக்கும்போதே உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் ஒருமுறை நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் உழ வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரமும் போட வேண்டும். இந்த உழவுக் கூலியையும் எருச் செலவையும் வாடகையில் கழித்துப் பார்த்துத்தான் லாபக் கணக்குப் போட வேண்டும். நிலம் சுத்தமாகும்வரை முன்பணத்தைத் திருப்பித் தராதீர்கள். கழிப்பறை கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

அந்த விவசாயி கணக்குப் போட்டுப் பார்த்தார். ரோட்டோரம் சும்மா கிடந்த ஒன்றரை ஏக்கர் மேட்டை மட்டும் கொடுத்தார். வாடகை பாதியாகக் குறைந்தது. கடலை நிலத்தில் லாரி இறங்கவில்லை.