தஞ்சாவூர் விமானப்படைத் தளம்
நெல்வயல் நடுவே ஒரு கடற்காவல்

இந்த ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின் பிள்ளை. 1940களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு இதை அமைத்தது. வங்கக் கடலில் ஜப்பானியக் கப்பல்களின் நடமாட்டத்தைக் கண்காணிக்க, இரட்டை எஞ்சின் வெலிங்டன் விமானங்கள் இங்கிருந்து பறந்தன.

மீண்டும் எழுந்த தளம்
1990இல் இந்திய விமானப்படை இந்த இடத்தை ஏற்றது. ஓடுதளம் புதுப்பிக்கப்பட்டது. 2013 மே 27 அன்று, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி விமானப்படைத் தளமாக இதைத் தொடங்கி வைத்தார்.

புலிச்சுறாக்கள்
2020 ஜனவரி 20 அன்று 222ஆம் படைப்பிரிவு இங்கே நிலைகொண்டது. தென்னிந்தியாவின் முதல் சுகோய்-30 எம்கேஐ போர் விமானப் படைப்பிரிவு இதுவே. அதன் பெயர் ‘டைகர்ஷார்க்ஸ்’. தமிழில் புலிச்சுறா. புலிக்கொடி பறந்த சோழ மண்ணுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

ஏன் தஞ்சாவூர்?
கிழக்கே வங்கக் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல். இரண்டும் இங்கிருந்து எட்டும் தொலைவில் உள்ளன. சுகோய் நெடுந்தூரம் பறக்கும். வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். சுமார் 2.5 டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமந்து சென்று, நடுக்கடலில் உள்ள போர்க்கப்பலையும் தாக்க வல்லது. அந்த ஏவுகணை ஒலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் பாயும்.

தலைக்கு மேலே இடி முழங்கினால் அண்ணாந்து பாருங்கள். நம் கடல்வழிகளைக் காக்கப் பயிற்சி பெறும் வீரர்கள் அங்கே பறந்துகொண்டிருக்கிறார்கள்.