மரபியல் ஆய்வகத்தில் சேர விரும்புகிறீர்களா?

கறம்பக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பேருந்து ஏறிக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஒருவர், 'மரபியல் ஆய்வகம்' என்ற சொல்லைக் கேட்டதும் என்ன எண்ணுவார்? வெள்ளை அங்கி, குளிரூட்டிய அறை, கண்ணாடிக் குழாய்கள், தொலைவில் ஏதோ ஒரு பெருநகரம். இந்த எண்ணம் முற்றிலும் தவறன்று. ஆயினும் பல்கலைக்கழக மரபியல் ஆய்வு நடைபெறும் இடம் ஒன்று அவர் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆலங்குடியை அடுத்த வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ளது. 'வம்பன்' என்ற பெயருக்குப் பின் ஓர் எண்ணோடு விற்கப்படும் உளுந்து ரகங்கள் அங்கே உருவானவையே. ஆய்வில் சேர்ந்தால் உண்மையில் என்ன வேலை செய்ய நேரும் என்பதை அந்த உளுந்தை வைத்தே பார்ப்போம்.

உளுந்து பயிரிடுவோருக்கு மஞ்சள் தேமல் நோயைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இலைகளில் மஞ்சள் திட்டுகள் தோன்றிப் பரவும். இளம் பயிரைத் தாக்கினால் காய்ப்பே இராது. இதற்குக் காரணம் ஒரு வைரஸ். அதைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது வெள்ளை ஈ. வைரஸை அழிக்க மருந்து இல்லை. ஈயை ஒழிக்க அடிக்கும் மருந்துக்குச் செலவு அதிகம், பயனும் நிச்சயமில்லை. எனவே நோயை எதிர்க்கும் ரகமே நல்ல வழி. எடுத்துக்காட்டாக, 2011இல் வெளியிடப்பட்ட வம்பன் 6, வம்பன் 1 ரகத்தைக் காட்டு உளுந்துடன் கலந்து பெறப்பட்டது.

'கலந்து' என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்குள் ஓர் ஆய்வு மாணவரின் பல மாதங்கள் அடங்கியிருக்கின்றன. உளுந்துப் பூ மிகச் சிறியது. அது விரியும் முன்பே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். ஆகவே மறுநாள் விரியப்போகும் மொட்டை முதல் நாள் மாலையில் தேர்ந்தெடுத்து, இடுக்கியால் இதழை மெல்லப் பிளந்து, மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் நீக்கவேண்டும். சூலகம் நசுங்கினால் மொட்டு உதிர்ந்துவிடும். ஒரு பை தப்பினாலும் கலப்பு கெட்டுவிடும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் மற்றொரு ரகத்தின் மகரந்தத்தைத் தடவி, நூல் கட்டி, அடையாளச் சீட்டு மாட்டவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான பூக்கள் காயாவதில்லை.

கிடைத்த விதையை விதைத்தால் முதல் தலைமுறை. அதன் விதையிலிருந்து இரண்டாம் தலைமுறை. மரபியல் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. சான்றாக, இரண்டாம் தலைமுறையில் 160 செடிகள். அவற்றுள் 118 நோயுற்றன, 42 தப்பின என்று கொள்வோம். நோய் எதிர்ப்பு ஒரே மரபணுவின் ஒடுங்கு பண்பானால் 3:1 என்ற விகிதப்படி 120, 40 என வரவேண்டும். இரண்டு மரபணுக்கள் இருந்து, ஒன்று மற்றதன் செயலை அடக்கினால் 13:3 என்ற விகிதம் வரலாம். அப்போது 130, 30.

எது சரி? இதற்குக் கை-வர்க்கச் சோதனை உதவுகிறது. எதிர்பார்த்த எண்ணுக்கும் கிடைத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, இரண்டு பிரிவுக்கும் கூட்டுங்கள். இங்கே கூட்டுத்தொகை 3.84ஐத் தாண்டினால் அந்தக் கருதுகோளைக் கைவிடுவது வழக்கம். 3:1க்கு 0.13 வருகிறது, ஏற்கலாம். 13:3க்கு 5.9 வருகிறது, கைவிடலாம். நல்லது. ஆனால் மாணவர் சோம்பி, பாதிச் செடிகளை மட்டும் எண்ணி, 59, 21 என்று குறித்திருந்தால்? 3:1க்கு 0.07, 13:3க்கு 2.95. இரண்டும் தேறிவிடுகின்றன! ஒரு மரபணுவா, இரண்டா என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போகிறது. தனிஊசல் சோதனையில் இருபது அலைவுகளை எண்ணச் சொல்லி நாங்கள் வற்புறுத்தும்போது முகம் சுளிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோயுறாத செடி எதிர்ப்பாற்றலால் தப்பியதா, வெள்ளை ஈ அதன்மேல் அமராததால் தப்பியதா? இதற்காகவே நோய்க்கு எளிதில் இரையாகும் ரகம் ஒன்றை இடையிடையே வரிசையாக நட்டு, நோய் எங்கும் பரவும்படி செய்கிறார்கள். இத்தனை கவனத்துக்குப் பிறகும், வெவ்வேறு ஆய்வாளர்கள் வெவ்வேறு விடைகளையே தந்துள்ளனர். எதிர்ப்பு ஒடுங்கு பண்பு என்கிறவர்கள் உண்டு. ஓங்கு பண்பு என்கிறவர்களும் உண்டு. மரபணு ஒன்று என்றும் இரண்டு என்றும் கட்டுரைகள் வந்துள்ளன. கலந்த ரகங்களும், ஊருக்கு ஊர் வைரஸும் வேறுபடுவது இதற்கு ஒரு காரணம். உள்ளே நுழையும் மாணவருக்கு இடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

குளிரூட்டிய அறை இதற்குப் பின்புதான் வருகிறது. அதே செடிகளின் இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, எதிர்ப்பாற்றலோடு சேர்ந்தே வரும் அடையாளத் துண்டு எது என்று தேடுகிறார்கள். அது கிடைத்துவிட்டால், நோய் வரும்வரை காத்திராமல் நாற்றுப் பருவத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். வயலில் எண்ணியது பிழையானால் இந்த அறையில் செய்வதெல்லாம் வீண்.

இனி, சேரும் வழி. வேளாண்மைப் பட்டம் பெற்றவருக்கு வழி நேரானது; மரபியலும் பயிர் இனப்பெருக்கமும் முதுகலைப் பாடமாகவே உள்ளன. தாவரவியல், விலங்கியல் படித்தோர் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலை பயிலலாம். மைய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை உதவும் முதுகலைப் படிப்புகளுக்குக் 'காட்-பி' என்ற நுழைவுத் தேர்வு உண்டு. அவற்றுள் சில இயற்பியல், வேதியியல் பட்டதாரிகளையும் ஏற்கின்றன. அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள். இயற்பியல்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று: சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் ஆய்வுப் பட்டம் பெற்றார். பிறகு கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராகி உயிரியல் படித்தார். 2009இல் அவர் நோபல் பரிசு பெற்றது ரைபோசோம் ஆய்வுக்காக.

முதுகலைக்குப் பின் மைய அரசின் 'நெட்' தேர்வில் உயிர் அறிவியலில் தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். தமிழ் வழியில் படித்தவர்கள் கவனிக்கவேண்டியது, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. பாடத்தைத் தமிழில் விளங்கிக்கொண்டு, சொற்களை ஆங்கிலத்தில் பழகுங்கள். இரண்டும் வேறு வேறு உழைப்பு, ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவேண்டாம். முனைவர் பட்டம் ஐந்தாண்டுகளை விழுங்கும். உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். படித்து முடித்ததும் மகனோ மகளோ சம்பாதிப்பார் என்று காத்திருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பட்டப்படிப்பின்போதே ஆய்வகத்தைப் பார்க்க விரும்பினால், நம் நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரிடம் பணியாற்றும் வாய்ப்பு அது. பேராசிரியருக்கு நேரடியாகவும் எழுதலாம். 'தங்கள் ஆய்வகத்தில் ஏதேனும் வாய்ப்புத் தருக' என்ற மின்னஞ்சல்கள் அவருக்கு நாள்தோறும் வரும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படியுங்கள். ஒருமுறை படித்தால் புரியாது, மூன்றுமுறை படியுங்கள். அவர் எத்தனை செடிகளை எண்ணினார், தப்பிய செடிகளை எப்படிப் பிரித்தார் என்று பார்த்து, உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். மதிப்பெண் பட்டியலைப் பின்னால் இணைக்கலாம்.